குறையில்லாத மொக்கராசு

நெத்திலிப்பட்டியிலிருந்து கடலைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். அப்படியிருந்தும் ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. சொன்னதைச் செய்கிற பழக்கம்தான் உண்டு. அதையும் சொன்னபடியே செய்வார்கள், அதுதான் சிக்கல்.

ஊர்க் கண்மாயில் விரால் மீன் உண்டு. முழங்கை நீளத்துக்கு, வழவழவென்று, தாமரை இலைகளுக்கு அடியில் ஜமீன்தார் மாதிரி உலாவும். தென்கரையில் உட்கார்கிற அருளப்பனின் தூண்டிலுக்கு அது தினமும் வரும். வடகரையில் உட்கார்கிற நாலு பேருக்கு ஒருநாளும் வந்ததில்லை. சடையாண்டி, பெத்தணன், வெயிலுமுத்து, மொக்கராசு என்பவர்கள் அந்த நாலு பேர்.

மற்ற மூவருக்கும் மீன் கிடைக்காதது வெறும் வருத்தம்தான். மொக்கராசுக்கு அது குடும்பப் பிரச்சினை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் உடையணன், "மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று கேட்டபோது, "விரால் பிடிப்பேன்" என்று சொல்லிவிட்டான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தூண்டில் இருந்தது, கண்மாய் இருந்தது, கண்மாயில் விரால் இருந்தது. அதற்குமேல் பிடிப்பதற்கு என்ன வேண்டும் என்றுதான் நினைத்தான்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஓடிய பிறகு, ஒரு காலையில் அவன் மனைவி மாயக்கா சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை அப்பா வர்றாரு. மருமகன் கையால பிடிச்ச விரால்ல குழம்பு வேணும்னு சொல்லி விட்டுருக்காரு."

"வச்சுருவோம்."

"எதை வைப்பீங்க?"

மொக்கராசு கொஞ்சம் யோசித்தான். "நீ புளியை ஊற வை."

"புளி ஊறும். விரால் வரலேன்னா நானும் அவரோட பஸ் ஏறிருவேன். விரால் என்னைக்குக் கிடைக்குதோ அன்னைக்கு வந்து கூட்டிக்கிட்டு வாங்க."

வாயால் மட்டும் சொல்லவில்லை. பரணிலிருந்து துணிப்பையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். மொக்கராசு கணக்குப் போட்டான். இதுவரை வந்த விரால்களை வைத்துப் பார்த்தால், மாயக்கா திரும்பி வரும்போது இருவருக்கும் பல் இருக்காது. அவளில்லாத வீட்டில் அவனை யார் திட்டுவார்கள்?

நாலு பேருமாகத் தென்கரைக்குப் போனார்கள். அருளப்பன் தண்ணீரில் மிதந்த தூண்டில் தக்கையின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"மீன்கிட்ட குறையில்லப்பா. கண்மாய்லயும் குறையில்ல. குறை உங்ககிட்டதான். அவனவன் குறை என்னன்னு கண்டுபிடிச்சு, அதைத் திருத்துங்க. அப்புறம் மீன் தன்னால வரும்."

"எல்லாரும் திருத்தணுமா, ஆளுக்கு ஒரு நாள் முறை வச்சுக்கலாமா?" என்று பெத்தணன் கேட்டான்.

"எல்லாரும்தான். இப்ப நகருங்க, நிழல் தண்ணியில விழுது."

நகர்ந்தார்கள். நிழலும் கூடவே நகர்ந்தது. எதற்கு வம்பு என்று, தண்ணீரே இல்லாத இடமாகப் பார்த்து நகர்ந்து, ஊர் பஸ் நிறுத்தம்வரை வந்துவிட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து பேச்சு ஆரம்பமாயிற்று.

"குறையை எங்க போய்த் தேடுறது?" என்றான் வெயிலுமுத்து.

"தொலைச்ச இடத்துலதான்," என்றான் சடையாண்டி.

"யாரும் தொலைக்கலையே. நம்மகிட்டயே இருக்குன்னுதானே சொன்னாரு."

"நம்மகிட்ட இருந்தா எதுக்குத் தேடணும்?"

இந்தக் கேள்வியின் ஆழத்தில் நாலு பேரும் இறங்கிவிட்டார்கள். ஒரு பஸ் வந்து நின்றது. ஏறுவார்களா என்று கண்டக்டர் பார்த்தார். அவர்கள் முகத்தைப் பார்த்ததும், ஏதோ துக்க வீடு என்று நினைத்து மெல்ல விசில் கொடுத்துப் போனார்.

பெத்தணன்தான் வழி கண்டுபிடித்தான். "இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியல. அப்ப அது முதுகுப்பக்கம்தான் இருக்கணும்."

நாலு பேரும் சட்டையைக் கழற்றினார்கள். ஒருவன் முதுகை ஒருவன் பார்த்தான். சடையாண்டியின் இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம் அகப்பட்டது.

"இதாலதான் மீன் வரலயோ?"

"அது பொறந்ததுலருந்தே இருக்குடா."

"நீ பொறந்ததுலருந்தே மீனும் பிடிக்கலையேடா."

மச்சத்தை எப்படித் திருத்துவது, செங்கல்லால் தேய்த்தால் போகுமா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, மாயக்கா தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக வந்தாள். நடுரோட்டில் சட்டையில்லாமல் வட்டமாக நின்ற நாலு பேரைப் பார்த்து நின்றாள். விஷயத்தைச் சொன்னார்கள்.

"இதுக்கு முதுகைப் பாக்கணுமா?" என்றாள். "சடையாண்டி அண்ணன் அவசரக்காரரு. தக்கை ஆடுறதுக்குள்ள கம்பைத் தூக்கிருவாரு. பெத்தணன் அண்ணனுக்கு வாய் ஓயாது, அவர் பேச்சுல மீன் என்ன, தவளைகூட நிக்காது. வெயிலுமுத்து அண்ணன் உக்காந்தா தூங்கிருவாரு. ஊருக்கே தெரிஞ்சதுதானே."

"எனக்கு?" என்றான் மொக்கராசு ஆவலோடு.

மாயக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பில் குடம் கனத்தது. "உங்களுதை ஆரம்பிச்சா இன்னைக்கு வீடு போய்ச் சேந்த மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கட்டின மனைவியாலேயே ஒரு குறைகூடச் சொல்ல முடியவில்லை என்பது மொக்கராசுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் பெருமையாக இருந்தது.

மறுநாளே திருத்தத் தொடங்கினார்கள். சடையாண்டியின் அவசரத்துக்குக் கயிறுதான் மருந்து என்று முடிவாயிற்று. கரையிலிருந்த பனைமரத்தோடு அவனைச் சேர்த்துக் கட்டி, தூண்டில் கம்பை அவன் காலடியில் ஊன்றினார்கள். சற்று நேரத்தில் தக்கை ஆடியது. பிறகு முங்கியது. கம்பு வளைந்தது.

"அவுத்து விடுங்கடா," என்றான் சடையாண்டி.

"பாத்தியா, அவசரப்படுறான்," என்றான் வெயிலுமுத்து.

கம்பு மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தாமரைக் கூட்டத்துக்குள் போய் மறைந்தது. சடையாண்டி அசையவில்லை. எல்லோரும் அவனைக் கைகுலுக்கப் போனார்கள், கை கட்டியிருந்ததால் தோளைத் தட்டினார்கள். அவசரம் அடியோடு போய்விட்டது. கம்பும் போய்விட்டது. ஆனால் அருளப்பன் கம்பைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பெத்தணனின் வாய்க்குக் கண்மாய்த் தண்ணீரே போதும் என்றார்கள். ஒரு வாய் நிறைய அடக்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் மொக்கராசுவின் தக்கை விறுவிறுவென்று ஓடியது. மொக்கராசு அந்த நேரம் திரும்பி நின்று மண்புழு தோண்டிக்கொண்டிருந்தான். பெத்தணன் எழுந்து குதித்தான். கையை ஆட்டினான், கண்மாயைக் காட்டினான், தலையில் அடித்துக்கொண்டான்.

"என்னடா?" என்று கேட்டான் மொக்கராசு.

பெத்தணன் மடக்கென்று தண்ணீரை விழுங்கினான். சொல்ல வாயெடுத்தான். குறை ஞாபகம் வந்தது. ஓடிப்போய் இன்னொரு வாய் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து, பழையபடி கையை ஆட்டினான். இப்படியே அவன் குடித்த தண்ணீரில் கண்மாய் ஓர் அங்குலம் இறங்கியது என்று ஊரில் சொல்வார்கள். இரையை வழித்துத் தின்றுவிட்டு மீன் போய்விட்டது.

வெயிலுமுத்துவுக்கு வேறு வைத்தியம். அவனிடம் இருக்கிற தூக்கத்தை மிச்சமில்லாமல் தூங்கித் தீர்த்துவிட்டால், அப்புறம் கண்மாய்க்கரையில் தூங்க என்ன இருக்கும்? வீட்டில் கட்டிலைப் போட்டுப் படுத்தான். சாப்பாட்டுக்குக்கூட எழுப்பவில்லை. சனிக்கிழமை மத்தியானம் தானாகவே எழுந்து வந்து, "தீந்துருச்சு," என்றான்.

மூன்று பேருக்கும் குறை போயிற்று. மொக்கராசுக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. குறையைத் திருத்தினால் மீன் வரும். தன்னிடம் திருத்தக் குறையே இல்லை. அப்படியென்றால் தனக்கு எந்தக் காலத்திலும் மீன் வராது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மாயக்கா பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது ஒரு குறை குடுங்கடா," என்று கெஞ்சினான். "திருத்திட்டுத் திருப்பித் தந்துர்றேன்."

"அவசரத்தை எடுத்துக்கயேன்," என்றான் சடையாண்டி.

"அவசரம் வர்றதுக்கு நாளாகுமேடா. பொழுது விடிஞ்சா மாமா வந்துருவாரு."

வெயிலுமுத்து நல்லவன். "நான் விட்ட தூக்கம் கட்டில்லதான் கிடக்கும். போய் எடுத்துக்க," என்றான்.

மொக்கராசு போய் அந்தக் கட்டிலில் படுத்தான். இத்தனை நாள் கவலையில் சரியாகத் தூங்காதவன். படுத்த மாத்திரத்தில் அவ்வளவு தூக்கமும் அவனுக்கு வந்து சேர்ந்தது. காலையில் மூவரும் வந்து பார்த்தபோது குறட்டை தெருவரைக்கும் கேட்டது.

"எழுப்பலாமா?"

"எழுப்பினா குறை போயிரும். கஷ்டப்பட்டு வாங்கியிருக்கான்."

"கண்மாய்ல வச்சுத்தானே திருத்தணும்?"

அதுவும் சரிதான். ஆளோடு கட்டிலைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். கையில் தூண்டிலைக் கொடுத்தால் நழுவியது. அதனால் தூண்டில் நரம்பை அவன் கால் கட்டைவிரலில் கட்டி, முள்ளில் புழுவைக் கோத்துத் தண்ணீரில் விட்டார்கள். பெத்தணன் வாயில் தண்ணீர் அடக்கிக்கொண்டான். சடையாண்டி பழக்கத்தில் பனைமரத்தோடு போய் ஒட்டி நின்றான்.

கரையில் இவ்வளவு அமைதி அதுவரை இருந்ததில்லை. பேச்சில்லை, அசைவில்லை, தக்கையைத் தொட யாருமில்லை. தாமரை இலைக்கு அடியிலிருந்து ஒரு விரால் வந்து, நிதானமாகப் பார்த்து, ஆளில்லை என்று நினைத்துக் கவ்வியது. இழுத்தது. மொக்கராசுவின் கால் நீண்டது. பிறகு கால் போன வழியே மொக்கராசுவும் போனான். தண்ணீருக்குள் விழுந்துதான் விழித்தான். வேட்டிக்குள் என்னவோ துள்ளியது. இரண்டு கையாலும் அள்ளிக் கட்டிக்கொண்டு கரையேறினான். வேட்டியைப் பிரித்தால் முழங்கையைவிட நீளமான விரால்.

மொக்கராசுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாயக்கா போகமாட்டாள். இன்றைக்கு ராத்திரியும் திட்டுவாள், நாளைக்கும் திட்டுவாள்.

பெத்தணன் கையைத் தூக்கினான். தண்ணீரை விழுங்கினான். "எனக்கு ஒரு சந்தேகம். குறையைத் திருத்தினப்புறம்தானே மீன் வரும்னாரு? இவன் இன்னும் திருத்தலையே. தூங்கிக்கிட்டேதானே பிடிச்சான்?"

எல்லோரும் மீனைப் பார்த்தார்கள்.

"அப்ப இது வந்தது தப்பா?" என்றான் மொக்கராசு மெல்ல.

"தப்பில்ல. முந்தி வந்துருச்சு."

அந்த நேரம் பார்த்து மாமனார் உடையணன் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கரைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, அகலத் துண்டு, யோசனையான முகம். கட்டிலைப் பார்த்தார். பனைமரத்தோடு நின்ற சடையாண்டியைப் பார்த்தார். எதையும் தப்பாக நினைக்கவில்லை. நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மொக்கராசு மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தான்.

"மாப்பிள்ளை," என்றார் கடைசியில், "நீங்க எல்லாம் உங்க குறையைப் பாத்தீங்க. இந்த மீனோட குறையை யாராச்சும் பாத்தீங்களா?"

"மீன்கிட்ட குறையில்லன்னு அருளப்பன் சொன்னாரே, மாமா."

"அவர் இந்த மீனைப் பாத்தாரா?"

"இல்ல."

"தொங்குறதையெல்லாம் கடிக்குதே, அது குறையில்லையா? இன்னைக்கு நம்ம கையில மாட்டுச்சு. நாளைக்குக் கண்டவன் கையில மாட்டினா?"

நெத்திலிப்பட்டியில் இதுவரை யாரும் இவ்வளவு தூரம் யோசித்ததில்லை. நாலு பேருக்கும் உடம்பு சிலிர்த்தது. உடையணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, மீனின் முகத்துக்கு நேரே பேசினார்.

"இந்தா பாரு. புழு மண்ணுக்குள்ள இருக்கும். தண்ணிக்குள்ள அந்தரத்துல தொங்காது. தொங்குதுன்னா யாரோ தொங்க விட்டிருக்காங்கன்னு அர்த்தம். புரியுதா?"

மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"சரிங்குது," என்றான் வெயிலுமுத்து.

"அப்ப விட்டுருங்க, மாப்பிள்ளை. திருந்தினதைப் பிடிச்சு வைக்கிறது பாவம்."

மொக்கராசு ஒரு கணம் வீட்டுப் பக்கம் பார்த்தான். ஆனாலும் மாமனார் சொல்லைத் தட்டுவது எப்படி? மீனைத் தண்ணீரில் விட்டான். அது சொல்லிக்கொள்ளாமல் போயிற்று. நிஜமாகவே திருந்தியதா என்று பார்க்க, புதுப்புழு கோத்துத் தூண்டிலைப் போட்டுக்கொண்டு ஐந்து பேரும் வெயில் உச்சிக்கு வரும்வரை உட்கார்ந்தார்கள். மீன் அந்தப் பக்கமே வரவில்லை. உடையணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் பொண்ணைச் சரியான இடத்துலதான் குடுத்துருக்கேன்," என்றார்.

வெறுங்கூடையோடு ஐந்து பேரும் வீட்டுக்கு வந்தபோது, மாயக்கா வாசலில் பையோடு நின்றாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"விரால் எங்கப்பா?"

"திருந்திருச்சும்மா," என்றார் உடையணன், ஈரக் கண்ணோடு. "மாப்பிள்ளை பிடிச்சாரு, நான் புத்தி சொன்னேன்."

மாயக்கா அப்பாவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். திரும்ப அப்பாவைப் பார்த்தாள். பஸ் ஏறினால் யாரோடு ஏற வேண்டும், இறங்கினால் யார் வீட்டில் இறங்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய், பையைப் பரணில் தூக்கிப் போட்டாள். அப்புறம் தென்கரைக்கு நடந்துபோய், அருளப்பனிடம் ஒரு விராலை வாங்கிவந்து குழம்பு வைத்தாள்.

இலை போட்டுப் பரிமாறினாள். மணம் வீட்டையே தூக்கியது. நாலு பேரும் தலை குனிந்து, இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் கை போகவில்லை. உடையணன்தான் பெரிய மனதோடு ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்று விழுங்கினார்.

"பாவம்," என்றார். "இதுக்கு எடுத்துச் சொல்ல ஆளே இல்ல போலருக்கு."

பெருமூச்சு விட்டுக்கொண்டே, மீனின் தலையையும் தன் பக்கம் தள்ளச் சொன்னார். அதற்காவது இப்போது சொல்லிப் பார்க்கலாமே என்று.