தலைவரின் பல்லக்கு மலைக்கெல்லாம் போன கதை

"தலைவன் கால் வெளி மண்ணில் பட்ட அன்றைக்கு..." என்று தொடங்கி அப்பா என்னவோ சொல்லியிருந்தார். மீதி ருவன்குபாவுக்கு நினைவில்லை. கேட்டபோது ஏழு வயது, பாதித் தூக்கம். ஏதோ கெட்டது நடக்கும் என்பது மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. தலைவரான நாளிலிருந்து அவர் வாசலைத் தாண்டி ஓர் அடிகூட நடந்ததில்லை.

அது நாரைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம். இன்று உகாண்டா என்கிறோமே, அந்த நாட்டின் தென்மேற்கு மூலையில் மலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அவற்றுக்கெல்லாம் ருவன்குபாதான் தலைவர். மூங்கிலும் கொடியும் சேர்த்துப் பின்னிய கூடைப் பல்லக்கு அவர் ஒருவருக்கு மட்டும். நான்கு பேர் தூக்குவார்கள். எதிரே வருகிறவர்கள் பாதையை விட்டு இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட வேண்டும். மற்றவர்கள் நோயில் விழுந்தால் வீட்டில் யாராவது முதுகில் சுமந்து போனால்தான் உண்டு.

மழை விட்ட ஒரு காலையில், விருந்துக்குப் போகிற வழியில் பல்லக்கு நின்றது. பாதை நடுவே நிறைமாதக்காரி ஒருத்தி, புருஷன் தோளைப் பிடித்தபடி நின்றாள்.

"உட்காரம்மா! தலைவர் வருவது தெரியவில்லையா?" என்று கத்தினான் முன்னால் தூக்கிவந்த கபாண்டா.

"உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க மாட்டேன்" என்றாள் அவள்.

புருஷன் கமுகந்தா கைகூப்பினான். "இவள் கெய்தேசி, தலைவரே. இரண்டு நாளாக வலி. ஏரிக்கரை மருத்துவச்சியிடம் போக வேண்டும். முதுகில் தூக்கினால் வயிறு நசுங்குகிறது."

சரிவில் மேய்ந்துகொண்டிருந்த கொண்டை நாரை தலையை நிமிர்த்தியது. "என்ன அவசரம்? தலைவர் சாப்பிட்டுவிட்டு வரட்டும். குழந்தை காத்திருக்கும்."

"வாயை மூடு!" என்றான் கபாண்டா.

"உன் வாயைத் தலைவர் வீட்டுக் கூழ் அடைத்திருக்கிறது. நானாவது பேசுகிறேனே."

ருவன்குபா கீழே பார்த்தார். செஞ்சேறு. அப்பாவின் குரல் காதில் கேட்டது. அதற்குள் கெய்தேசியின் முழங்கால் மடங்கிற்று. அவர் இறங்கிவிட்டார். சேறு கணுக்கால்வரை ஏறியது. ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

"இவளை ஏற்றுங்கள்."

கபாண்டா ஒதுங்கினான். "தலைவரைத் தூக்கிய தோள் இது. கண்டவர்களைத் தூக்காது." தூக்குகிறவர்களில் இன்னொருவனும் அவன் பக்கம் போய் நின்றான். அந்த இரண்டாமவன் விட்ட பல்லக்குத் தண்டைக் கமுகந்தா தோளில் வைத்துக்கொண்டான். கபாண்டா விட்டது தரையில் கிடந்தது. ருவன்குபா குனிந்து அதை எடுத்தார்.

நாலடி போவதற்குள் பல்லக்கு தூளியாட்டம் ஆடியது.

"யாரது முன்னால், ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுவது?" என்று முனகினாள் கெய்தேசி.

"நான்தான்" என்றார் தலைவர்.

வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஓரமாக நடந்துவந்த கபாண்டாவுக்குப் பொறுக்கவில்லை. "எல்லோரும் ஒரே காலை வைத்தால் ஆடத்தானே செய்யும்? முன்னால் வலது வைத்தால் பின்னால் இடது வைக்க வேண்டும், தலைவரே!" இன்னும் பத்தடி பார்த்தான். "சரி, நகருங்கள். கண்கொண்டு பார்க்க முடியவில்லை" என்று தண்டுக்குள் நுழைந்தான்.

நாரை முன்னால் பறந்துபோய் மலைக்கு மலை கூவிற்று. களைக்கொட்டைப் போட்டுவிட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் களைத்தால் அடுத்தவர் தோள் கொடுத்தார். உச்சிவெயிலுக்குள் ஏரிக்கரை வந்துவிட்டது. மருத்துவச்சியின் குடிசைக்கு வெளியே ருவன்குபா கையைப் பிசைந்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பொழுது சாய்வதற்குள் உள்ளே குழந்தை அழுதது. "இரண்டு உயிரும் பத்திரம்" என்றாள் மருத்துவச்சி, வெளியே வந்து.

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். "பல்லக்கைத் தீட்டாக்கிவிட்டாள். எரித்துவிட்டு உங்களுக்குப் புதிது பின்னுகிறோம்."

"பின்னுங்கள். ஆனால் எனக்கு வேண்டாம்" என்றார் ருவன்குபா.

பிறகு தம் முடிவைச் சொன்னார். அந்த மலைகளில் அன்று தொடங்கியதுதான் இது: நோயாளிக்கென்று மலைக்கு ஒரு கூடைப் பல்லக்கு, தூக்குவதற்கு வீட்டுக்கு ஓர் ஆள்.