ஜன்னலின் மறுபக்கம்

கடலோர மணல்மேட்டில் ஒரு மடம். விடியற்காலைப் பனியில் அதன் வெள்ளைச் சுவர்கள் கண்ணுக்குத் தெரியாது. இரும்பு ஜன்னல்கள் மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றால் நம் காலடியிலும் தரை இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும்.

மடத்தின் குரு நிலவழகி அம்மாள். சீடர் இருளாண்டி அவரைவிட வயதில் மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர். ஆனாலும் குருவை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

உப்புக்காற்று அந்த ஜன்னல் சட்டங்களைச் சும்மா விடாது. எந்தப் பெயிண்ட் அடித்தாலும் மறுவருஷம் பொரிந்து உதிரும். அதனால் ஒவ்வொரு பங்குனியிலும் இருளாண்டியின் அண்ணன் வழிவிட்டான் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஊரிலிருந்து வந்துவிடுவார். யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அண்ணன் வெளியே நின்று அடிப்பார், தம்பி உள்ளே நின்று அடிப்பார். ஒரே சட்டத்தின் இரண்டு பக்கமும் ஈரமாக இருக்கும். பேச்சு மட்டும் கிடையாது.

தாயார் இறந்தபோது, தம்பி வந்து சேரும்வரை காத்திருக்காமல் அண்ணன் உடலை எடுத்துவிட்டார். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க முடியவில்லையே என்ற ஆத்திரம் இருளாண்டிக்கு ஆறவே இல்லை. வீட்டை விட்டார், காசை விட்டார், இதை மட்டும் பத்திரமாகக் கூடவே எடுத்து வந்துவிட்டார்.

இந்த வருஷம் ஒரு பக்தர், தன் செலவில் எல்லாச் சட்டங்களுக்கும் பவுடர் கோட்டிங் போட்டுத் தருவதாகச் சொன்னார். மாதிரிக்கு, அப்படிப் பூசிய ஒரு துண்டு இரும்புக் குழாயும் கொடுத்தார். இருளாண்டி அதைக் குருவிடம் கொண்டுபோனார். பழைய பெயிண்டைச் சுத்தமாகச் சுரண்டி, பொடியைத் தூவி, சூளையில் சுட்டு எடுப்பார்களாம். தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். அவர் அவ்வளவு உற்சாகமாகப் பேசி மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"பெயிண்டா, பவுடர் கோட்டிங்கா? நீங்க சொன்னா சரிம்மா."

குரு ஒரு குடத்தில் கடல்நீரை நிரப்பி, குழாயை அதற்குள் போட்டு மூடி வைத்தார்.

நிலா வளர்ந்தது, தேய்ந்தது. இருளாண்டி தினமும் குடத்தை எட்டிப் பார்த்தார். பங்குனி நெருங்க நெருங்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தத் தடவை அண்ணன் வருவதற்குள் முடிவு தெரிந்தாக வேண்டும். வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம், அதன்பிறகு அந்த முகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

ஒரு விடியலில் குரு குழாயை வெளியே எடுத்தார். முந்தானையால் துடைத்தார். ஒரு புள்ளி துரு இல்லை. விரலால் தடவிப் பார்த்து உண்மையாகவே வியந்தார்.

"நல்ல சாமான்தான். பெயிண்ட் இதுகிட்ட நிக்க முடியாது."

இருளாண்டிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"அப்ப போட்டுடலாமாம்மா?"

"போட்டா எத்தனை வருஷம் தாங்கும்?"

"பதினஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லைம்மா. அதுவரைக்கும் யாரும் வந்து கை வைக்க வேண்டாம்."

குரு தலையசைத்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். இருளாண்டியும் பார்த்தார். பனிக்குள் யாரோ மேடேறி வந்துகொண்டிருந்தார்கள். பாதி வழியில் நின்று, டப்பாவைக் கீழே வைத்து, மணலில் உட்கார்ந்தார்கள். எழுந்து கொஞ்சம் நடந்தார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள். இருமல் கேட்டது. அண்ணன்தான். போன வருஷம் நிற்காமல் ஏறி வந்தவர்.



"உங்க அண்ணனுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?" என்று குரு கேட்டார்.