எடை திருடிய கள்ளன்

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினாலும் மந்திரிகள் கைதட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ராஜாவுக்கு மூலிகைக் குடிநீர் மேல் பித்துப் பிடித்திருந்தது. துளசியும் எலுமிச்சம்புல்லும் போட்டுக் கொதிக்கவைத்த அந்தக் குடிநீர் உள்ளே இறங்கினால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

அந்த இலைகளை உலர்த்தித் தருபவள் சிட்டம்மாள். புருஷனை இழந்தவள், இரண்டு பெண்களுக்குத் தாய். அவளை அரண்மனைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் விகடகவி கூத்தபிரான். வெயில் படாத கூடத்தில், காற்று வரும் பக்கமாக மூங்கில் தட்டுகளை வைத்து, இலைமேல் இலை விழாமல் பரப்பிப் புரட்டிப் போடுவாள். காய்ந்த பிறகும் இலை பச்சையாகவே இருக்கும். பானையைத் திறந்தால் மணம் ஆளைத் தூக்கும்.

இது பண்டகசாலைத் தலைவர் வச்சிரதேவருக்குப் பொறுக்கவில்லை. அந்த வேலைக்குத் தன் மச்சானைத்தான் அவர் முதலில் வைத்திருந்தார். மச்சானோ இலைகளைச் சுடுவெயிலில் கொட்டிவிட்டுத் தூங்கப் போனவன். ராஜா குடித்தது வைக்கோல் தண்ணீர்.

ஒருநாள் வச்சிரதேவர் சபையில் எழுந்தார். "மகாராஜா, சிட்டம்மாளிடம் கூடை கூடையாகப் பச்சிலை போகிறது. திரும்பி வருவதோ ஒரே ஒரு பானை. மீதி எங்கே? பொருள் குறைந்தால் பக்கத்தில் இருந்தவரே கள்ளர். இதற்குச் சாட்சி வேறு வேண்டுமா?"

ராஜா தராசு கொண்டுவரச் சொல்லிப் பானையில் இருந்த இலையை நிறுத்துப் பார்த்தார். கொடுத்த பச்சிலையின் எடையில் பாதிகூட இல்லை. இலை உலர்வதைப் பிறந்ததிலிருந்து பார்த்திராத மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"களவாணி," என்றார்.

சபைக்கு அழைத்துவரப்பட்டு நின்ற சிட்டம்மாள் கும்பிட்டாள். "காஞ்சா சுருங்கத்தானே செய்யும் சாமி? நான் ஒரு இலையைக்கூட வீட்டுக்குக் கொண்டு போனதில்ல."

ராஜா விகடகவியின் பக்கம் திரும்பினார். "கூத்தபிரான், இவளை அழைத்து வந்தவன் நீ. எடையைத் திருடியவரை இன்று மாலைக்குள் என் முன் நிறுத்து. தவறினால் இவள் நாட்டை விட்டே போகவேண்டும்."

கூத்தபிரான் அவளைப் பார்த்தான். தன் பேச்சை நம்பி வந்தவள் பிள்ளைகளோடு தெருவில் நிற்கப் போகிறாளே என்று நினைத்தான். சற்று யோசித்துவிட்டு வச்சிரதேவரிடம் போய்க் கைகட்டி நின்றான்.

"பிரபு, தங்கள் பட்டு மேலாடையைச் சற்றுத் தரவேண்டும். கள்ளனைப் பிடிக்க வேண்டியிருக்கிறது."

ராஜா தலையசைத்தார். வேறு வழியில்லாமல் வச்சிரதேவர் கழற்றிக் கொடுத்தார். கூத்தபிரான் அதைக் குடத்துத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, எல்லோரும் பார்க்க நிறுத்தான். பிறகு சபைத் தூண்களுக்கு நடுவே, காற்று வரும் இடத்தில் கயிறு கட்டி விரித்துப் போட்டான்.

"இதற்குக் காவல் தாங்களேதான், பிரபு. வேறு யாரும் கிட்டே வரக்கூடாது."

வெற்று மார்போடு வச்சிரதேவர் காவல் நின்றார். ராஜா மற்ற வழக்குகளை விசாரித்து முடித்தார். வெயில் தாழ்ந்ததும் கூத்தபிரான் மேலாடையை மறுபடியும் தராசில் வைத்தான். தட்டு மேலே ஏறிற்று.

"மகாராஜா, எடை குறைந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் இவர் ஒருவர்தான். சாட்சி வேண்டாம் என்று இவரே தீர்ப்பும் சொல்லியிருக்கிறார். விலங்கு கொண்டுவரச் சொல்லட்டுமா?"

வச்சிரதேவர் பதறிப்போனார். "என்ன அநியாயம் இது? ஈரம் காய்ந்தால் எடை குறையாதா? தண்ணீர் காற்றோடு போனதற்கு நான் என்ன செய்வேன்?"

கூத்தபிரான் சிட்டம்மாளின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான்.

முதலில் சிரித்தவர் ராஜாதான். சிரித்த வாய் பாதியில் நின்றது. சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார்.

"சிட்டம்மா, நான் அவசரப்பட்டுவிட்டேன். உனக்கு என்ன வேண்டும், கேள்."

"களவாணின்னு சொன்னீங்களே சாமி, அதே வாயால இல்லன்னு சொல்லிருங்க. என் பொண்ணுங்க காதுல விழுற மாதிரி சொன்னீங்கன்னா போதும்."

அவள் பெண்களை அழைத்துவரச் செய்து, அவர்கள் முன்னால் நின்று, "உங்கள் அம்மா களவாணி இல்லை," என்று ராஜா உரக்கச் சொன்னார். சிட்டம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிறகு ராஜா தம் கழுத்துப் பொன்மாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். அவன் அதைக் கையில் ஏந்திப் பார்த்தான்.

"மகாராஜா, இதுவும் நாளடைவில் எடை குறையுமா?"

"குறையாது," என்றார் ராஜா, சிரிப்பை அடக்கமுடியாமல். "வச்சிரதேவரை மட்டும் பக்கத்தில் நிறுத்தாதே."