பூளை சொன்ன நல்ல சேதிகள்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. முயல்களுக்கு வீடு இல்லை. செம்மண் பொட்டலில், ஆவாரஞ்செடி நிழலில் படுத்து எழுந்தன. நல்ல சேதி கேட்டால் ஆடுவது அவற்றின் வழக்கம். முன்கால்களால் மண்ணைப் பறித்துப் பின்கால்களால் உதைத்து, மகிழ்ச்சி அடங்கும்வரை ஆட வேண்டும்.

இதில் குதியன் என்ற முயலை மிஞ்ச ஆளில்லை. மழை வந்தால் ஆடுவான். மழை நின்றாலும் ஆடுவான்.

அவன் மனைவி பூளைக்கு நிறைமாதம். முயல்குட்டிகள் கண் திறக்காமல், மயிரில்லாமல் பிறப்பவை. மேலே ஒரு பருந்து இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பெருச்சாளி அண்ணன்கிட்ட ஒரு மூலை கேட்டுப் பாருங்க," என்றாள் பூளை.

குதியன் போனான். பெருச்சாளி வளையிலிருந்து மீசையை மட்டும் நீட்டியது.

"பிள்ளை பிறந்தா நீ ஆடுவியே, தம்பி. என் கூரை தாங்காது."

"ஆட மாட்டேன், அண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரி, கூட்டிட்டு வா."

எவ்வளவு நல்ல சேதி! குதியன் நின்ற இடத்திலேயே ஆடினான். கூரை பொதபொதவென்று உள்ளே விழுந்தது. மண்ணுக்குள் யாரோ தும்மினார்கள்.

"போயிடு," என்றது பெருச்சாளி.

அவன் திரும்பி வந்தபோது பூளைக்கு வலி கண்டிருந்தது. முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துகொண்டாள். திட்ட வாயெடுப்பதற்குள் முதல் குட்டி பிறந்துவிட்டது. குதியன் ஆடினான்.

"இந்த நேரத்திலயுமா?" என்றவள் நிறுத்தினாள். அவன் காலடியில் ஒரு குழி. பருந்தின் நிழல் பொட்டலில் சின்ன வட்டமாக வந்துகொண்டிருந்தது.

"மூத்தவனுக்கு உங்க மூக்கு," என்றாள்.

மண் பறந்தது. குதியன் இடுப்பளவு இறங்கினான். அதற்குள் அடுத்த குட்டியும் பிறந்தது.

"அடுத்தவளுக்கு உங்க காது."

கண் திறக்காத குட்டிக்குக் காது யாருடையது என்று அவளுக்கே தெரியாது. குதியனின் காதுகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"மூணாவது, அப்படியே உங்க அம்மா!"

காதுகளும் மறைந்தன. பூளை குட்டிகளை உள்ளே உருட்டிவிட்டுத் தானும் குதித்தாள். பருந்தின் நகங்களுக்கு ஒரு பிடி செம்மண்தான் கிடைத்தது.

உள்ளே பூளை தன் வயிற்று மயிரைப் பிடுங்கிக் குட்டிகளுக்கு மெத்தை போட்டாள். மேலே மீசை ஒன்று எட்டிப் பார்த்தது.

"இது யார் வீடு?"

"எங்க வீடுதான், அண்ணே," என்றாள் பூளை.

குதியன் நிமிர்ந்தான். அதுவரை அது வீடு என்று அவனுக்குத் தெரியாது.

"வேண்டாம் தம்பி, வேண்டாம்," என்றது பெருச்சாளி.

குதியன் ஆடத் தொடங்கிவிட்டான். ஆடி முடித்தபோது அடுத்த ஆவாரஞ்செடியின் அடியில், தலை நிறைய மண்ணோடு வெளியே வந்திருந்தான்.

அன்று முதல்தான் முயல்கள் பிள்ளைப்பேறு நெருங்கினால் மண்ணைத் தோண்டுகின்றன. ஒரு வாசலோடு அவற்றின் மகிழ்ச்சி அடங்குவதில்லை.