இருபத்தாறு டிகிரி

"கையெழுத்துப் போட இன்னும் என்ன தயக்கம் மாஸ்டர்?" என்றான் கஸ்பார். "பரீட்சை எழுதிட்டேன். முங்கிக் காட்டிட்டேன். தண்ணிக்குள்ள முகமூடியக் கழட்டி மாட்டியும் காட்டிட்டேன். இன்னும் என்ன பாக்கி?"

பூரணி காற்று உருளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"இன்னிக்குத் தண்ணி எவ்வளவுண்ணே?"

கஸ்பார் மணிக்கட்டைப் பார்த்தான். அதில் கட்டியிருந்த கருவி எவ்வளவு ஆழம் போனோம் என்று சொல்லும், எவ்வளவு நேரம் இருந்தோம் என்று சொல்லும், தண்ணீர் எத்தனை டிகிரி என்றும் சொல்லும்.

"இருபத்தாறு."

"தப்பு," என்றாள் பூரணி. "நாளைக்குப் பார்ப்போம்."

*

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். பூரணிக்கு முப்பத்தொரு வயது. அந்தமானிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு சின்னத் தீவின் கரையில் தகரக் கொட்டகை போட்டு, சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறாள்.

சீடனுக்கு நாற்பத்தேழு. தூத்துக்குடிக்காரன். இருபத்தெட்டு வருஷம் விசைப்படகில் மீன் பிடிக்கப் போனவன், இப்போது பூரணியிடம் வேலை பழகுகிறான். குரு சீடனை அண்ணே என்பாள். சீடன் குருவை மாஸ்டர் என்பான். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

வருத்தமெல்லாம் வழிகாட்டிச் சான்றிதழில் அவள் போட வேண்டிய அந்தக் கையெழுத்தில்தான். அது இல்லாமல் கஸ்பார் தன் பொறுப்பில் யாரையும் தண்ணீருக்குள் அழைத்துப் போக முடியாது. அவனுக்கோ ஒருத்தியை அழைத்துப் போயே ஆக வேண்டும்.

அவன் மனைவி செலின், மாசி மாதக் கப்பலில் வருகிறாள். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். கடல் என்றால் அவளுக்குக் கிளம்பிப் போகிற புருஷனின் முதுகு, அவ்வளவுதான். "அப்படி என்னதான் இருக்கு அந்தத் தண்ணிக்குள்ள?" என்று ஒருநாள் போனில் கேட்டுவிட்டாள். "வா, காட்டுதேன்" என்று இவனும் வாக்குக் கொடுத்துவிட்டான்.

"அண்ணிக்குக் குளிர் தாங்குமா?" என்று பூரணி அப்போதே கேட்டாள்.

"அவ எங்க ஊர்க்காரி மாஸ்டர். குளிருன்னா கிலோ என்ன விலைன்னு கேப்பா."



*

மறுநாள் கஸ்பார் வேறு ஏற்பாட்டோடு வந்தான். கருவியில்தான் கோளாறு என்று முடிவு கட்டியிருந்தான். மீன் ஏலக் கொட்டகையில் ஐஸ் பெட்டிக்குள் வைக்கிற வெப்பமானியை இரவல் வாங்கி, கயிற்றில் கட்டி, மூன்று ஆழத்தில் இறக்கிப் பார்த்துவிட்டான்.

"மேல இருபத்தாறரை. நடுவுல இருபத்தாறு. அடியில இருபத்தஞ்சு."

"தப்பு."

"மாஸ்டர், பாத்துட்டுதான சொல்லுதேன்!"

"தெரியுது. நாளைக்குப் பார்ப்போம்."

அன்று ராத்திரி அவன் வேறு மாதிரி யோசித்தான். குருமார்களுக்குப் பூடகமாகப் பேசினால்தான் பிடிக்கும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். காலையில் கொட்டகை வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"தண்ணி, தண்ணியா இருக்கு மாஸ்டர்."

பூரணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது. படகோட்டி செல்லக்கண்ணு எட்டிப் பார்த்தான்.

"தப்பு," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா நல்லா இருந்துச்சு."

*

கஸ்பார் கெட்டிக்காரன். அதில் சந்தேகமே இல்லை. நீரோட்டத்தை முகத்தில் படும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவான். ஆனால் ஒன்று. குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடுகிற ரப்பர் சூட்டு மட்டும் போட மாட்டான். வெறும் பனியனும் கால்சட்டையுமாகக் குதிப்பான்.

விசைப்படகில் பழகிய பழக்கம் அது. படகில் யாராவது வாய் தவறிக் குளிருது என்று சொல்லிவிட்டால் போதும், கரை சேரும் வரை அவனை விட மாட்டார்கள். கம்பளி வேணுமா, தொட்டில் கட்டவா என்று பிய்த்து எடுத்துவிடுவார்கள். கஸ்பாரும் நிறையப் பேரைப் பிய்த்து எடுத்திருக்கிறான். தன் வாயால் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

மார்கழி, தை மாதங்களில் சுற்றுலாக்காரர்கள் படகு விளிம்பில் உட்கார்ந்து கேட்பார்கள்.

"தண்ணி குளிருமா?"

"இந்தக் கடலா? வெந்நீர் மாதிரி இருக்கும். பச்சப்புள்ளய இறக்கலாம்," என்பான் கஸ்பார்.

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் குதிப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் குளிருது என்று சொன்னதில்லை. பச்சப்புள்ளையே தாங்கும் தண்ணீரில் போய் யார் சொல்வார்கள்?

பூரணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

*

தை பிறந்து நாலாம் நாள், காலையில் அவனைப் படகில் ஏற்றினாள். வேறு யாரும் வரவில்லை. அவள் கழுத்து வரை சூட்டு போட்டு, தலைக்கும் மூடி மாட்டியிருந்தாள்.

"என்ன செய்யணும் மாஸ்டர்?"

"நங்கூரக் கயிறைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு மீட்டர்ல நில்லுங்க. நாப்பது நிமிஷம். அசையக் கூடாது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

முதல் பத்து நிமிஷம் அவன் மீன்களை வேடிக்கை பார்த்தான். கால் மணி நேரத்தில் மீன்கள் அலுத்துவிட்டன.

காற்று இருபத்தாறு டிகிரி இருந்தால் நாம் விசிறியைத் தேடுவோம். தண்ணீர் விஷயம் வேறு. அது சத்தம் போடாமல், அவசரப்படாமல், உடம்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். நீந்துகிறவனுக்கு அது சட்டென்று தெரியாது. நிற்கிறவனுக்குத் தெரியும்.

பூரணி எதிரில் நின்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்டினாள். சரியா என்று அர்த்தம்.

கஸ்பாரும் வட்டம் காட்டினான். சரி.

இருபத்தைந்தாவது நிமிஷம் தாடை ஆட ஆரம்பித்தது. வாயிலிருந்த காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டான். அவள் மறுபடி கேட்டாள். சரி என்றான். விரல் நுனிகள் யாருடையவையோ போல் இருந்தன. கேட்டாள். சரி என்றான், போன தடவையை விட வேகமாக.

ஐந்து தடவை கேட்டாள். ஐந்து தடவையும் சரி.

படகில் ஏறியதும் தோள்பட்டை வாரின் கொக்கியைக் கழற்றப் பார்த்தான். விரல் மடங்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் எந்த முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்த விரல். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பூரணி கிட்டே வந்து கொக்கியைக் கழற்றிவிட்டாள்.

"தண்ணி எவ்வளவுண்ணே?"

மணிக்கட்டில் இருபத்தாறு என்று இருந்தது. அவன் வாய் திறந்தான். பல் தந்தி அடித்தது.

"குளிருது மாஸ்டர்."

அவள் அவன் தோளில் துண்டைப் போர்த்தி, சுக்குக் காப்பியை ஊற்றி, டம்ளரோடு சேர்த்து அவன் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பாதி வந்துட்டீங்க," என்றாள்.

*

அடுத்த நாளிலிருந்து கஸ்பார் சூட்டு போட்டான். செல்லக்கண்ணு கேலி செய்தான். போகட்டும் என்று விட்டுவிட்டான்.

மீதிப் பாதி என்ன என்றுதான் விளங்கவில்லை. கேட்டால் அவள் சொல்லவும் இல்லை. தை பாதிக்கு மேல் போய்விட்டது; மாசிக் கப்பலுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அந்த வாரம் நாமக்கல்லிலிருந்து மரகதம் டீச்சர் வந்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, கண்டிப்பான மூக்குக் கண்ணாடி. அவருக்கு ஒரே ஒரு ஆசை. கடலாமையை அது நீந்துகிற இடத்திலேயே பார்க்க வேண்டும். முப்பது வருஷம் படம் போட்டுப் பாடம் நடத்தியவர், உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லை.

காலையில் ஒரு முறை இறங்கினார்கள். ஆமை கண்ணில் படவில்லை. "இன்னொரு தடவை போவோமுங்க," என்றார் டீச்சர். நாளைக்கு அவருக்கு ஊர் திரும்பக் கப்பல்.

"கஸ்பார் அண்ணன் கூட்டிப் போவார். நான் பின்னாடி வர்றேன்," என்றாள் பூரணி.

படகு விளிம்பில் உட்கார்ந்ததும் டீச்சர் கேட்டார்.

"இந்த வாட்டியும் தண்ணி குளிருமுங்களா?"

பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. கஸ்பார் அதை முழுங்கினான்.

"ரெண்டாவது தடவ இன்னும் சீக்கிரம் குளிரும் டீச்சர். குளிருனா இப்படிக் காட்டுங்க." கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டி, தோள்களைத் தேய்த்துக் காட்டினான்.

"எனக்கெல்லாம் ஊட்டியே குளிராதுங்க," என்றார் டீச்சர்.

*

பத்து மீட்டர் ஆழத்தில், பவளப் பாறைக்கு அந்தப் பக்கம், கஸ்பார் ஆமையைப் பார்த்துவிட்டான். மணல் திட்டில் தலையை மட்டும் நீட்டிப் படுத்திருந்தது. காலில் மாட்டிய துடுப்பை இன்னும் ஐம்பது தடவை அடித்தால் எட்டிவிடலாம். டீச்சருக்கு அது இன்னும் தெரியவில்லை. திரும்பிச் சுட்டிக்காட்டப் போனான்.

அவர் மீன்களைப் பார்க்கவில்லை. பாறையையும் பார்க்கவில்லை. கைகளை விலாவோடு ஒட்டி, உள்ளங்கையை மூடி வைத்திருந்தார்.

வட்டம் காட்டினான். சரியா?

சரி, என்று காட்டினார் டீச்சர். மிக வேகமாக.

அந்தச் சரியைக் கஸ்பாருக்குத் தெரியும். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை சொன்ன சரி அது.

மறுபடி கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வார். மேலே போவோம் என்றால் தலையை ஆட்டி மறுப்பார். முப்பது வருஷம் பிள்ளைகளைக் கையைக் கட்டி நிற்க வைத்தவர், தன் கையைக் கட்டித் தோளைத் தேய்க்க மாட்டார்.

கஸ்பார் அவர் முன்னால் வந்து நின்றான். தன் கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டினான். தோள்களை நன்றாகத் தேய்த்துக் காட்டினான்.

எனக்குக் குளிருது.

டீச்சர் முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவனையே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கைகளும் மெதுவாக எழும்பி, குறுக்கே வந்து, தோள்களைப் பிடித்துக்கொண்டன.

கஸ்பார் மேலே போவோம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஆமை இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

*

படகில் டீச்சருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. காப்பி டம்ளர் பல்லில் மோதி டங்டங் என்றது. ஆனால் குரலில் கண்டிப்பு குறையவில்லை.

"இவருக்குத்தானுங்க குளிர் தாங்கல. அதுனாலதான் பாதியிலயே வந்துட்டோம். இல்லாட்டி நான் ஆமையைப் பாத்திருப்பேன்."

செல்லக்கண்ணு சுக்கானை விட்டுவிட்டுச் சிரித்தான். "தூத்துக்குடிக்காரருக்குக் குளிருச்சாமா! கம்பளி வேணுமாண்ணே? தொட்டில் கட்டவா?"

"ஆமா டீச்சர், எனக்குத்தான்," என்றான் கஸ்பார். "மன்னிச்சுக்கிடுங்க." அவன் இன்னொரு துண்டை எடுத்து அவர் பாதங்களைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

கடைசியாகப் படகேறிய பூரணி தலை மூடியைக் கழற்றினாள். ஆமையை அவளும் பார்த்திருந்தாள்.

"தண்ணி எவ்வளவுண்ணே?"

கஸ்பாரின் கை துண்டின் மேலேயே இருந்தது. வெட்கத்தோடு நிமிர்ந்தான்.

"பாக்கல மாஸ்டர்."

பூரணி டீச்சருக்கு டம்ளரை மறுபடி நிரப்பினாள். படகின் ஓரக் கம்பியில் சூட்டுகள் பெரிதும் சிறிதுமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணிக்குக் குளிர் தாங்குமா?"

அவ எங்க ஊர்க்காரி, என்று சொல்ல வாயெடுத்தான் கஸ்பார்.

இருபத்துநாலு வருஷம். மார்கழி விடியலில் படகேறப் போகும்போதெல்லாம் அவள் கதவு வரை வந்து நிற்பாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு.

வாயை மூடிக்கொண்டான்.

"கேட்டுச் சொல்லுதேன் மாஸ்டர்."

பூரணி பேனாவைத் தேடினாள்.