பத்து மூட்டை உப்பு

கப்பல்கள் காற்றை மட்டுமே நம்பிக் கரைக்கு வந்த காலத்துக் கதை இது, கேளுங்கள். ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருளப்பன் என்றோர் உப்பளக்காரன் இருந்தான். மூன்று உப்புப் பாத்திகளும், மனைவி பூவாயி கொண்டுவந்த ஒரு நெல்வயலும்தான் அவன் சொத்து.

அவனிடம் வண்டிக்காரன் உப்பு வாங்குவான். வண்டிக்காரனிடம் தரகர் வாங்குவார். தரகரிடம் துறை வணிகர் வாங்குவார். கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து அளவு சொல்வது அங்கே வழக்கம். எத்தனை என்று விரல் சொல்லும். எதற்கு, எத்தனை நாளைக்கு என்று சொல்ல விரல் கிடையாது.

ஒரு தை மாதம், பாய்மரம் ஒடிந்த கப்பலொன்று துறையில் ஒதுங்கியது. மரம் மாற்றிப் புறப்படும்போது பத்து மூட்டை உப்பு வேண்டும் என்றது.

கேட்டதில் பாதிதான் வரும் என்று பயந்து, வணிகர் தரகரிடம் இருபது கேட்டார். அதே பயத்தில் தரகர் வண்டிக்காரனிடம் நாற்பது கேட்டார். அதே பயத்தில் வண்டிக்காரன் இருளப்பனின் விரலைப் பிடித்து எண்பது என்றான்.

"எண்பதா! என் மூணு பாத்திக்கு ஏது அவ்வளவு?"

"முடியாதுன்னா சொல்லிடு அண்ணே. தெற்கே உப்பளமா இல்லை?"

நெல்வயலையும் உப்புப் பாத்தியாக்க, இருளப்பன் மண்வெட்டியோடு போனான். பூவாயி வரப்பில் குறுக்கே நின்றாள்.

"ஒரு நடை துறைக்குப் போய், எதுக்கு இவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்களேன்."

"வண்டிக்காரனைத் தாண்டிப் போனா, நாளைக்கு நம்ம வாசலுக்கு வண்டி வருமா?"

அவள் விலகினாள். அவன் வரப்பை வெட்டினான். கடல்நீர் வயலுக்குள் வந்தது.

எண்பது மூட்டையும் விளைந்தது, வண்டியிலும் ஏறியது. அடுத்த மாதம் வண்டிக்காரன் வெறுங்கையை விரித்தான். "இனி உப்பே வேண்டாம் அண்ணே. எடுத்ததே கிடக்கு."

அன்றுதான் இருளப்பன் துறைக்கு நடந்தான். வணிகர் தரகரையும் வண்டிக்காரனையும் வரவழைத்தார். நால்வரும் ஒரே இடத்தில் நின்றது அதுவே முதல் தடவை. வணிகரிடம் பத்து மூட்டை கிடந்தது. தரகரிடம் இருபது கிடந்தது. வண்டிக்காரனிடம் நாற்பது கிடந்தது.

"அப்போ கப்பல்காரன் வாங்கினது?" என்றான் இருளப்பன்.

"பத்து," என்றார் வணிகர். "ஒரே தடவைதானப்பா. இனி அந்தக் கப்பல் இந்தப் பக்கம் வராது."

யாரும் யாரையும் திட்டவில்லை. அதன்பின் நால்வரும் மாதம் ஒருமுறை கூடி, தேவையை வாய்விட்டுச் சொன்னார்கள். உப்பு தேங்கவில்லை, வண்டி காலியாகத் திரும்பவில்லை, கப்பல் காத்திருக்கவில்லை. வியாபாரம் தழைத்தது. அதற்கு இருளப்பனின் பழைய மூன்று பாத்திகளே போதுமாக இருந்தன.

பூவாயி மூன்று மழைக்காலம் அந்த வயலில் நாற்று நட்டாள். மூன்று முறையும் எட்டாம் நாள் பயிர் கருகியது. நான்காம் மழைக்கு அவள் நாற்று நட வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஒரே சரக்கைக் கைமாற்றிப் பிழைப்பவர்கள் தங்கள் தேவையை ஒருவருக்கொருவர் ஒளித்தால், எல்லாருடைய பயமும் கடைசியில் நிற்பவன் தலையில்தான் விழும்.