கரண்டி இல்லாத பலகாரம்

கோத்தகிரிப் பக்கம் அம்பலவாணர் என்று ஒரு கேரட் தோட்ட முதலாளி. மலைக்கே தான்தான் சொந்தக்காரர் என்பது போல நடப்பார். அவருடைய பிள்ளைகளோ காயைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுவார்கள். பச்சைக் காய் தின்னாமல் உடம்பு தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளி சமையற்காரி பவுனுத்தாயைக் கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள பிள்ளைங்க பச்சைக் காய் தின்னாகணும். இல்லேன்னா தோட்டத்துல நான் குடுத்திருக்கிற லயத்து வீட்டைக் காலி பண்ணிட்டு நீயும் உன் புருஷனும் கிளம்புங்க."

பவுனுத்தாய் வறுத்த கடலை, பூண்டு, பச்சை மிளகாய், மல்லித்தழையை அரைத்துக் கெட்டித் தயிரில் கலந்தாள். கேரட்டையும் முள்ளங்கியையும் விரல் நீளத்துக்கு நறுக்கினாள். பிறகு வீட்டிலிருந்த கரண்டி அத்தனையையும் ஒளித்துவைத்தாள்.

வாசனைக்குப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். "கை விட்டா கிண்ணத்தை எடுத்துருவேன்" என்றாள். வேறு வழியில்லாமல் கேரட்டால் வழித்தார்கள், கடித்தார்கள், மறுபடி வழித்தார்கள். தட்டு காலி.

சாயங்காலம் பிள்ளைகளைப் பார்க்க வந்த டாக்டரும் ஒரு துண்டைத் தொட்டுத் தின்றபடி கேட்டார்: "உன் பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் குடுப்பியா?"

"எங்க வீட்ல தலைகீழுங்கய்யா. கேரட்டை விளைய வைக்கிறது எங்க வீட்டுக்காரரு. அது மொத்தமும் இங்க வந்துருது. எங்ககிட்ட கரண்டி மட்டுந்தான் இருக்கு."

டாக்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் கரண்டிகளெல்லாம் மேசைக்குத் திரும்பின. பவுனுத்தாயின் லயத்து வீட்டில் முதலாளியின் பூட்டுத் தொங்கியது.